புன்னைக்காயலில் ஒரு பகல்

கோடை விடுமுறையில் எங்கேனும் அழைத்துச் செல்ல வேண்டும் என்று நம் பங்கின் இளைஞர் இயக்கத்தார் நச்சரித்தபோது, அவர்கள் மனத்தில் இருந்தது கொடைக்கானல். நம் மனத்தில் இருந்ததோ புன்னைக்காயல். "அங்கே என்ன சாமி இருக்கிறது?" என்று கேட்டார்கள். "தாமிரபரணி கடலில் கலக்கிறது" என்றோம். அதற்குமேல் விளக்கம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள்.

முப்பத்தெட்டு இளைஞர்களும் மூன்று பெரியவர்களும் பேருந்தில் ஏறினர். பெரியவர்களில் ஒருவர் நம் ஊர் அண்ணாவியார். எழுபத்தாறு வயது. ஒரு காலத்தில் மூவிராசாக்கள் நாடகத்திற்குப் பாட்டும் அடவும் கற்றுக்கொடுத்தவர். ஆனால் நம் ஊரில் அந்த நாடகம் நின்றுபோய் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஏன் நின்றது என்று நாம் பங்கேற்ற புதிதில் கேட்டதற்கு, "செலவு தாங்கவில்லை சாமி" என்று ஒரே பதிலைத்தான் எல்லாரும் சொன்னார்கள். நாமும் மேலே துருவவில்லை. அதற்குக் காரணம் அறியாமை அன்று, பின்னர் சொல்வோம்.

தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத்தில் காலைத் திருப்பலி முடித்துத் திருச்செந்தூர்ச் சாலையில் புறப்பட்டோம். இருமருங்கும் உப்பளங்கள். வெயில் ஏறுமுன்னரே அம்பாரம் அம்பாரமாகக் குவித்த உப்பு கண்ணைக் கூசச் செய்தது. பழையகாயல் கடந்து, முக்காணி கடந்து, ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஆத்தூர். ஊர் பெயரைச் சொன்னதும் பெரியவர்களுக்கு வெற்றிலை நினைவு வந்துவிட்டது, வண்டியை நிறுத்தினால்தான் ஆயிற்று. அங்கிருந்து சேர்ந்தபூமங்கலம் வழியாகக் கிழக்கே போகும் சாலையில் உடைமரங்களும் ஆற்றின் அகன்ற நீர்ப்பரப்பும் மாறி மாறித் தோன்றின.

வழியில் இளைஞர்களுக்கு ஒரு செய்தி சொன்னோம். இந்தப் பகுதியின் வரலாற்றை எழுதியவர்களுள் முதல்வன் இந்த ஆறுதான். பாண்டியரின் முத்துத் துறைமுகமாகிய கொற்கை இன்று கடலை விட்டு நெடுந்தொலைவு உள்ளே கிடக்கிறது. ஆறு கொணர்ந்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. கொற்கை தூர்ந்தபின் காயல் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டெழுதிய காயல், நாம் கடந்துவந்த பழையகாயலே என்பது பிஷப் கால்டுவெல்லின் கருத்து. காயலும் தூர்ந்தபின் ஆற்றின் முகத்துவாரத்தில் புன்னைக்காயல் தலையெடுத்தது. முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துக்கீசியர் முதலில் இங்கேதான் நிலைகொண்டனர். பின்னரே தூத்துக்குடி தலைமை பெற்றது. ஆக, ஒரே ஆற்றுக்கு மூன்று துறைமுகங்கள், மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தவை. இதைக் கேட்டு முன்னிருக்கையில் இருந்த இருவர் விழித்திருந்தனர், மற்றவர்கள் உறங்கினர். உண்மையை மறைப்பானேன்?

ஊர் எல்லையில் கண்டல் செடிகளின் வாடையும் கருவாட்டு வாடையும் சேர்ந்து எழுப்பிவிட்டன. நெருக்கமான தெருக்கள், அவற்றின் நடுவே உயர்ந்து நிற்கும் கோயில், அப்பால் முகத்துவாரத்தில் வரிசையாகப் படகுகள். கடற்கரையில் கூரை வேய்ந்த கொட்டகை ஒன்றில் வலைகளுக்கு நடுவே நம்மை உட்காரவைத்து, ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துவந்தார்கள். எண்பது வயதைத் தாண்டியவர். இளமையில் சங்கு குளித்தவர். 1961-இல் தூத்துக்குடிக் கடலில் நடந்த கடைசி முத்துக்குளிப்பைச் சிறுவயதில் நேரில் பார்த்தவர்.

அவரிடம் நாம் கேட்டது ஒன்றே: "ஐயா, உங்கள் தொழிலைப் பற்றிச் சொல்லுங்கள்." அவர் தொழிலைப் பற்றிச் சொல்லவில்லை, கயிற்றைப் பற்றிச் சொன்னார்.

காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, பல பாகம் ஆழத்திற்கு ஒருவன் இறங்குகிறான். மேலே படகில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருக்கிறான். கீழே இருப்பவன் அசைத்ததும் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். கண் அயர்ந்தாலோ பேச்சில் கவனம் போனாலோ கீழே இருப்பவனுக்கு நாளை இல்லை. "அந்தக் கயிற்றை யார் கையில் கொடுப்பீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று அவர் கேட்டார். அண்ணன் என்றான் ஒருவன். தகப்பன் என்றாள் ஒரு பெண். நண்பன் என்றான் மற்றொருவன். பெரியவர் ஒவ்வொன்றுக்கும் தலையை அசைத்தார். "மச்சான் கையில கொடுப்போம். கூடப்பிறந்தவன் பங்கு சொத்துக்கு ஆசைப்படலாம். மச்சான் அப்படிச் செய்ய மாட்டான். கயிறை விட்டா அவன் தங்கச்சி தாலியில்ல போகும்!"

கொட்டகை முழுதும் சிரித்தது. பின்னர், சிரிப்பு அடங்கியபோது, எல்லாரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். நம் பிள்ளைகளில் பாதிப்பேர் திருப்பூரிலும் சென்னையிலும் அறையெடுத்துத் தங்கி வேலை செய்பவர்கள். திருவிழாவுக்கு மட்டும் ஊர் வருபவர்கள். தம் கயிறு யார் கையில் இருக்கிறது என்று அவர்கள் எண்ணிப் பார்த்திருக்கக்கூடும். அது நம் ஊகந்தான்.

ஒருவன் துணிந்து, "தாத்தா, நீங்கள் எப்படிக் கிறிஸ்தவர்கள் ஆனீர்கள்? சவேரியார் வந்து புதுமை செய்தாரா?" என்று கேட்டான். நாம் சற்றே அஞ்சினோம். இத்தகைய கேள்விக்கு ஊர்தோறும் அழகிய கதை ஒன்று தயாராக இருக்கும் அல்லவா? பெரியவரோ, "அவர் வாறதுக்கு முன்னாலேயே நாங்க ஞானஸ்நானம் வாங்கியாச்சு. உயிருக்குப் பயந்து வாங்கினோம்" என்றார்.

அவர் சொன்னது வரலாற்றோடு பொருந்துவது. முத்துக்குளிக்கும் உரிமை பற்றி மூண்ட பூசலில் நசுக்குண்ட பரதவர், 1530களில் கொச்சிக்குத் தூது அனுப்பிப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைக் கேட்டனர், திருமுழுக்கும் பெற்றனர். திருமுழுக்கு கொடுத்தவர்கள் போய்விட்டனர். செபம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. 1542-இல் சவேரியார் வந்தபோது கண்டது இந்நிலையைத்தான். தமிழ் தெரியாத அவர், இருமொழியும் அறிந்தவர்களைக் கூட்டிச் செபங்களை மொழிபெயர்க்கச் செய்து, மனப்பாடம் பண்ணி, மணியடித்துச் சிறுவர்களைச் சேர்த்தார். நோயாளிகளின் வீடுகளுக்குத் தமக்குப் பதிலாக அச்சிறுவர்களையே செபம் சொல்ல அனுப்பினார் என்பதை அவர் 1544-இல் எழுதிய மடலால் அறிகிறோம். அந்த முதல் மொழிபெயர்ப்பில் பிழைகள் மலிந்திருந்தன. பின்வந்தவர் திருத்த வேண்டியதாயிற்று.

அந்தப் பின்வந்தவரைப் பற்றிப் பேசத்தான் நாம் பிள்ளைகளைப் புன்னைக்காயலுக்கு அழைத்துச் சென்றதே. அன்றிக்கே அடிகளார் போர்த்துக்கல் நாட்டினர். 1546-இல் இந்தியாவுக்கு வந்து, அடுத்த ஆண்டில் இக்கரையை அடைந்தார். தமிழைப் பேசவும் எழுதவும் கற்றார், இலக்கணமும் வகுத்தார். மக்களின் கொடையைக்கொண்டு இவ்வூரில் ஏழைகளுக்கு மருத்துவமனை நடத்தினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்', இன்று கிடைப்பவற்றுள் இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சேறிய முதல் நூல். 1600-இல் இறக்கும்வரை இம்மக்களோடே வாழ்ந்தார்.

எனினும் நம் நெஞ்சைக் கவர்ந்தது அவருடைய மற்றொரு நூல். 1586-இல் வெளிவந்த 'அடியார் வரலாறு', 'பிளோஸ் சாங்க்தோரும்' என்ற பெயருடையது, அறுநூறு பக்கத்திற்கு மேற்பட்டது. திருநாள் வரிசையில் புனிதர்களின் கதைகளைச் சொல்வது. புலவர் தமிழில் அன்று. கரையில் வலை உலர்த்துபவன் கேட்டால் விளங்கும் தமிழில், இடையிடையே போர்த்துக்கீசியச் சொற்கள் கலந்து எழுதப்பட்டது. அச்சுச் செலவுக்குப் பணம் சேர்த்துக் கொடுத்தவர்கள் இக்கரைப் பரதவர். எண்ணிப் பாருங்கள்: எழுத்தறிந்தவர் சிலரே இருந்த காலத்தில், மூச்சை அடக்கிச் சம்பாதித்த காசைக் கொடுத்து, வாசித்துக்காட்டக் கேட்பதற்காக ஒரு கதைப் புத்தகத்தை வாங்கினார்கள்.

அந்தப் புத்தகம் பிறகு நெடுங்காலம் தமிழ் மண்ணில் மறக்கப்பட்டுக் கிடந்தது. 1950களில்தான் தனிநாயகம் அடிகளார் வத்திக்கான் நூலகத்திலிருந்த படியைக் கண்டறிந்து தமிழுலகுக்கு அறிவித்தார். 1967-இல் சேசுசபைத் தந்தை இராசமாணிக்கம் அதனைத் தூத்துக்குடியில் மறுபதிப்பாக வெளியிட்டார்.

இவ்வளவும் சொல்லி முடித்தபின், அன்றிக்கே அடிகளாரைப் பற்றி மேலும் ஒன்று சொன்னோம். சொல்லத்தான் வேண்டும் என்று முன்கூட்டி எண்ணியது அன்று; வாயில் வந்துவிட்டது. இளமையில் அவர் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்திருந்தார். அவருடைய முன்னோர் யூதர் என்று தெரியவந்ததும், அந்தப் பிறப்பைக் காட்டி அவரை வெளியேறச் செய்தார்கள். அதன்பிறகே சேசுசபையில் இடம் கிடைத்தது.

நம் ஊர்க் கீழத்தெருப் பையன் ஒருவன் கடைசி வரிசையில் இருந்தான். பிளம்பர் வேலை கற்றவன், அதிகம் பேசாதவன். "அவரும் வெளியே தள்ளப்பட்டவரா சாமி?" என்று கேட்டான். "ஆம்" என்றோம். அவன் வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் அண்ணாவியார் தலையைக் குனிந்துகொண்டதை நாம் கண்டோம்.

பிற்பகல் படகில் முகத்துவாரம்வரை போய்வந்தோம். ஆற்று நீரும் கடல் நீரும் சேருமிடத்தில் பிள்ளைகள் கையை விட்டுச் சுவைத்துப் பார்த்து, இது உப்பு, இது உப்பில்லை என்று வாதாடினார்கள். மீன் குழம்புச் சோற்றின் சிறப்பைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். ஆசிரியர் இடம் தரமாட்டார்.

திரும்பும் வழியில், இருட்டிய பிறகு, ஒரு பெண்பிள்ளை எழுந்து, "அண்ணாவித் தாத்தா, நம் ஊர் நாடகம் உண்மையில் ஏன் நின்றது?" என்று கேட்டாள். அவர் வழக்கமான பதிலைச் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவரோ முன்னிருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"செலவு இல்லை பிள்ளைகளா. அந்த வருசம் கீழத்தெருக்காரர்கள் மூன்று ராசாக்களில் ஒரு ராசா வேசம் எங்களுக்கு வேண்டும் என்று கேட்டார்கள். வருசா வருசம் ஆடு மேய்க்கிற வேசந்தான் அவர்களுக்கு. பாட்டெல்லாம் தெரிந்த ஆள் ஒருத்தன் அங்கே இருந்தான். என்னைவிட நல்ல குரல். மேலத்தெரு ஒத்துக்கொள்ளவில்லை. கொடுப்பதைவிட நிறுத்துவது மேல் என்று முடிவு பண்ணினோம். நானும் கைதூக்கினேன்."

பேருந்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. நாமும் அப்போது பேசியிருக்க வேண்டும். நாம் இப்பங்குக்கு வந்த முதல் மாதத்திலேயே பழைய பங்குக் குறிப்பேட்டில் இந்தச் செய்தியைப் படித்தோம். முன்னிருந்த தந்தை ஒருவர் நான்கு வரிகளில் எழுதி வைத்திருந்தார். ஊர் அமைதியாக இருக்கிறதே, பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும் என்று ஏட்டை மூடி வைத்துவிட்டோம். 'செலவு தாங்கவில்லை' என்று பிறர் சொன்னபோது தலையாட்டினோம். நான்கு ஆண்டுகள் அந்தப் பொய்யைக் காத்ததில் நமக்கும் பங்குண்டு. தம் முன்னோர் அச்சத்தால் திருமுழுக்குப் பெற்றதைச் சிறு கூச்சமும் இன்றிச் சொன்ன அந்தச் சங்கு குளித்தவரின் முன், நம் நான்கு ஆண்டு மௌனம் வெட்கத்திற்குரியதாயிற்று. மறுஞாயிறு மறையுரையில் அந்த நான்கு வரிகளை அப்படியே வாசித்தோம். சிலர் எழுந்து வெளியே போனார்கள். ஒரு குடும்பம் இன்னும் நம்மோடு பேசுவதில்லை.

இப்போது திருக்காட்சித் திருநாளுக்கு மூவிராசாக்கள் நாடகம் போடுவதென்று இளைஞர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். திருப்பண்ட அறையின் மரப்பெட்டியைத் திறந்ததில் மூன்று மகுடங்களும் கிடைத்தன. ஒட்டியிருந்த பொன்தாளைப் பூச்சி அரித்துவிட்டது, உள்ளிருக்கும் தகரம் உறுதியாக இருக்கிறது. ஏட்டுப்பிரதி கிடைக்கவில்லை. பாட்டுகள் அண்ணாவியாரின் நினைவில் பாதியும், அன்று ராசா வேடம் மறுக்கப்பட்டவரின் நினைவில் மீதியும் இருக்கின்றன. அந்த மனிதர் இன்றும் கீழத்தெருவில் இருக்கிறார். அந்தப் பிளம்பர் பையன் அவருடைய பேரன். ஏரோது வேடத்திற்கு மட்டும் ஏழு பேர் போட்டி. மூன்றாவது ராசாவாக நடிக்கும்படி அந்தப் பையனைக் கேட்டதற்கு, "தாத்தா சொன்னால்தான்" என்றுவிட்டான். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. நாம் இருமுறை சென்றோம். காப்பி கொடுத்தார், மழையைப் பற்றிப் பேசினார்.

கடந்த ஞாயிறு மாலை அண்ணாவியார் தனியாகக் கீழத்தெருவுக்குப் போனார். போனவர் ஒன்பது மணியாகியும் திரும்பவில்லை. கோயில் கதவைப் பூட்டப் போன நாம் படியிலேயே நின்றுவிட்டோம். கீழத்தெருப் பக்கமிருந்து இரண்டு கிழக்குரல்கள் கேட்டன. ஒன்று பாடிக்கொண்டே வந்து அடி மறந்து நின்றது. சற்றுப் பொறுத்து மற்றொன்று எடுத்துக் கொடுத்தது.