எந்தச் சிவகிரி?

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர் பேச்சுக் கொடுத்தார்.

“எந்த ஊருங்க?”

“சிவகிரிண்ணே.”

“அட, நம்ம ஈரோட்டுச் சிவகிரிங்களா? கொடுமுடி பக்கம்?”

“இல்லண்ணே. தென்காசிச் சிவகிரி. ராஜபாளையம் தாண்டி, வாசுதேவநல்லூருக்கு முன்னால.”

“ஓ, அதுங்களா” என்றார். அதோடு பேச்சு முடிந்தது. கொங்கு நாட்டில் எனக்கு இது பழகிப்போன ஒன்று. மலையாளிகளிடம் சொன்னால் வர்க்கலைச் சிவகிரியா, நாராயண குரு சமாதியா என்று கண்ணை விரிப்பார்கள். மூன்று சிவகிரியில் அதிகம் விளக்கம் சொல்ல வேண்டியிருப்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான்.

கோவைக்கு இந்தத் தடவை வந்தது ஒரு கல்யாணத்துக்கு. முகூர்த்தம் மறுநாள் என்பதால் ஒரு பகல் பொழுது கையில் இருந்தது. நேரே நேரு ஸ்டேடியம் போனேன். அங்கே எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு.

2019 மார்ச் முதல் வாரம். அக்கா மகன் அப்போது கோவையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். “மாமா, சனிக்கிழமை மேட்ச். ஜெயிச்சா ஐ-லீக் கப்பு நமக்கு. வந்துரு” என்றான். நான் ஃபுட்பால் ஆடியது பள்ளிக்கூடத்தோடு சரி. கரிசலும் செம்மண்ணும் கலந்த மைதானம், மேற்கே மலை, தெற்குப் பக்கம் இருந்த ஒரே கோல்போஸ்ட்டுக்குக் குறுக்குக் கட்டை கிடையாது. பந்து உயரமாகப் போனால் கோலா இல்லையா என்று சண்டை போட்டே இருட்டிவிடும். அந்த ஆட்டத்தில் ‘கப்பு நமக்கு’ என்று எவனும் எங்களிடம் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை இரவே பஸ் ஏறிவிட்டேன்.

அந்தப் பஸ் பயணம் அப்படியே நினைவில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் இடப்பக்கம் மலை இருட்டோடு இருட்டாகக் கூடவே வந்தது. மதுரையில் அரைமணி நேரம் நின்றது. ஒட்டன்சத்திரத்தில் கண் விழித்தபோது காய்கறி மூட்டைகளின் வாசம். அப்புறம் தாராபுரம், பல்லடம். விடியும்போது சிங்காநல்லூர்.

வழியெல்லாம் எனக்கு ஒரே கேள்வி. டீமின் பெயர் சென்னை சிட்டி. ஆடுவது கோயம்புத்தூரில். இது யார் ஊர் டீம்?

கதை 1946-ல் ஆரம்பிக்கிறது. நுங்கம்பாக்கம் ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் சென்னையில் தொடங்கிய கிளப் அது. பல காலம் கழித்துச் சென்னை சிட்டி ஆகி, 2016–17 சீசனில் ஐ-லீக்குக்குள் நுழைந்தது. சென்னையில் அதற்குள் ஐ.எஸ்.எல். வந்து, சென்னையின் எஃப்.சி. என்ற இன்னொரு டீம் கொடி நாட்டியிருந்தது. ஒரே ஊரில் ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு டீம். அடுத்த சீசனிலேயே சென்னை சிட்டி கோவைக்கு இடம் மாறியது. அந்த 2017–18 சீசனில் பத்து டீமில் எட்டாவது இடம். யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கடுத்த வருடம்தான் மாயம். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச். உருகுவேயிலிருந்து பெட்ரோ மான்ஸி, ஸ்பெயினிலிருந்து நெஸ்டர், சான்ட்ரோ. அவர்களோடு எட்வின் சிட்னி போன்ற நம் ஊர்ப் பையன்கள். காசு இறைத்து நட்சத்திரங்களைப் பிடிக்காமல், ஸ்பெயினின் கீழ்மட்ட லீக்குகளில் தேடி ஆள் சேர்த்தார்கள். தரையோடு தரையாகப் பந்தைக் கைமாற்றி ஆடும் அந்த ஆட்டம் பார்க்கப் பார்க்கச் சலிக்காது. மான்ஸி மட்டும் அந்த சீசனில் 21 கோல்.

மார்ச் 9, கடைசி ஆட்டம். சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. அதே நேரத்தில் ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு ஆடுகிறது. இங்கே எதிரி முந்தைய வருடச் சாம்பியன் மினர்வா பஞ்சாப். நாங்கள் கேலரியில் உட்கார்ந்து கடலைப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள், மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. கேலரி ஊமையானது. பாதி ஆட்டம் வரைக்கும் பக்கத்திலிருந்த எல்லோர் கையிலும் செல்போன். கண் ஒன்று மைதானத்தில், ஒன்று கோழிக்கோட்டில்.

56-வது நிமிடம் பெனால்டி. மான்ஸி அடித்தார். 69-வது நிமிடம் அசாம்காரர் கௌரவ் போரா. எனக்கு முன்வரிசையில் பஞ்சாலை யூனிபார்மோடு வந்திருந்த ஒருவர், ஷிப்டிலிருந்து நேராக வந்தவர் போலிருந்தது, யாரென்றே தெரியாத என்னைத் திரும்பிக் கட்டிக்கொண்டார். தலைமுடியில் பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருந்தது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் முன்னிலை என்று செய்தி வந்ததும் திரும்பவும் வயிறு கலங்கியது. கூடுதல் நேரத்தில் போரா இன்னொன்று போட்டார். 3–1. கடைசிக் கணக்கு 43-க்கு 42. தமிழ்நாட்டு டீம் ஒன்று ஐ-லீக்கை வென்றது அதுவே முதல் தடவை.

கேலரியில் ‘சென்னை, சென்னை’ என்றுதான் சத்தம். கோயம்புத்தூர்க்காரர்கள் தொண்டை கிழியச் சென்னை என்று கத்தியதை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அந்த வருடம் இன்னொன்றும் நடந்தது. இரண்டே மாதத்தில், மே 14 அன்று, மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் டீம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3–1 என்று வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையை எடுத்துவந்தது. ஆண்கள், பெண்கள் இரண்டு கோப்பையும் ஒரே நேரத்தில் தமிழ்நாட்டில். நம் பத்திரிகைகள் அதை எந்தப் பக்கத்தில் போட்டன என்று கேட்காதீர்கள், ஐ.பி.எல். காலம் அது.

அக்கா மகன் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு ப்ராக் போனான், செக் நாட்டுத் தலைநகரம். முதல் லீவுக்கு வந்தபோது எனக்கு ஒரு கழுத்துத் துண்டு கொண்டுவந்தான். பச்சையும் வெள்ளையும், நடுவில் ஒரு கங்காரு.

“செக் நாட்டுல ஏதுடா கங்காரு?”

“அதான் மாமா கதையே” என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தான்.

ப்ராகில் வெர்ஷோவிட்சே என்றொரு பேட்டை. 1905-ல் அங்கே ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். 1927-ல் அந்த டீம் கப்பலேறி ஆஸ்திரேலியா போனது. வெர்ஷோவிட்சே என்பது அந்த ஊர்க்காரர்கள் வாயில் நுழையாது என்று, தங்கள் நாட்டுப் பகுதியான போஹீமியாவின் பெயரில் ‘போஹீமியன்ஸ்’ என்று வைத்துக்கொண்டார்கள். ஊர் திரும்பும்போது உயிருள்ள இரண்டு கங்காருவைப் பரிசாகக் கொடுத்தார்களாம். அவை ப்ராக் மிருகக்காட்சி சாலைக்குப் போயின. கங்காரு கிளப்பின் சின்னமாக நின்றுவிட்டது. அடுத்தவர் வசதிக்காக வைத்த பெயர், அடுத்த நாட்டு மிருகம். இன்றைக்கு அந்தப் பேட்டைக்கு அதைவிடச் சொந்தமானது எதுவுமில்லை.

பெரிதாக ஜெயித்த கிளப்பும் அல்ல. செக்கோஸ்லோவாகியா லீக்கை ஒரே ஒரு தடவை, 1983-ல் வென்றது. ஆனால் அந்தோனின் பனேன்கா அவர்கள் ஆள். 1976 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம், பெல்கிரேடு, எதிரே மேற்கு ஜெர்மனி. கடைசிப் பெனால்டியை அவர் ஓங்கி அடிக்கவில்லை. கோலி ஒருபக்கம் பாய, நடுவிலே மெல்லத் தூக்கிப் போட்டார். அந்த அடிக்கே இன்று உலகம் முழுக்கப் பனேன்கா என்றுதான் பெயர்.

2005-ல் அந்தக் கிளப் கடனில் மூழ்கித் திவாலானது. ரசிகர்கள் சங்கமாகச் சேர்ந்து வசூல் செய்து தூக்கி நிறுத்தினார்கள். அதற்குள் ப்ராகின் இன்னொரு மூலையில் ஸ்ட்ரீஷ்கோவ் என்ற இடத்து டீம் அதே போஹீமியன்ஸ் பெயரையும் கங்காருவையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டது. ஒரு பெயருக்கு இரண்டு டீம், கோர்ட்டு, வழக்கு. 2010-ல் முதல்நிலை லீக்கில் இரண்டும் மோத வேண்டிய ஆட்டத்துக்கு ஸ்ட்ரீஷ்கோவ் டீம் வரவே இல்லை. புள்ளியைப் பிடித்தார்கள், கீழே இறங்கியது. வெர்ஷோவிட்சேக்காரர்கள் இன்றும் 1932-ல் திறந்த அதே சின்ன மைதானத்தில் ஆடுகிறார்கள்.

“உன் டீம் என்னாச்சு மாமா?” என்றான் கடைசியில். தெரிந்துகொண்டேதான் கேட்டான்.

சாம்பியன் ஆன பிறகு நல்ல செய்திகளுக்குக் குறைவில்லை. சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கை எடுத்தது. 2020 மார்ச்சில் ஆசிய ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மசியாவோடு ஓர் ஆட்டம். உடனே கொரோனா, அந்தப் போட்டியே ரத்து. 2020–21 ஐ-லீக் முழுவதும் வங்காளத்தில் நடந்தது, கோவைக்காரர்கள் டிவியில் பார்த்தார்கள். 2021–22 பட்டியலில் சென்னை சிட்டியின் பெயர் இல்லை. வசூல் தட்டு ஏந்தி எவரும் தெருவுக்கு வரவில்லை. சென்னைக்காரர்களுக்கு அது கோவை டீம்; கோவைக்காரர்களுக்குப் பெயரிலேயே சென்னை. என் கணிப்பில், பணம் போனதைவிட அதுதான் டீமைக் கொன்றது. பணம் போஹீமியன்ஸிடமும்தான் இல்லை.

நேரு ஸ்டேடியத்தின் வெளிச்சுற்றில் வரிசையாகக் கடைகள். உள்ளே ஓட்டப் பாதையில் பிள்ளைகள் ஸ்பைக்ஸ் மாட்டி ஓடிக்கொண்டிருந்தார்கள், ஓரமாக அப்பா அம்மாக்கள் தண்ணீர்ப் பாட்டிலோடு. நாங்கள் உட்கார்ந்த கேலரிப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஒரு போட்டோவோ, ஒரு வரியோ, 2019 என்ற எண்ணோ என் கண்ணில் படவில்லை. வெளியே ஜூஸ் கடையில் கேட்டேன்.

“இங்க ஒரு ஃபுட்பால் டீம் ஆடுச்சே, கப்புகூட ஜெயிச்சாங்களே?”

“ஆமாங்ணா, சென்னை டீமுங்க. நல்லா ஆடுவாங்க. அப்பல்லாம் நமக்கு நல்ல யாவாரம்” என்றார். சாத்துக்குடியைப் பிழிந்துகொண்டே, “அவங்க ஊருக்கே போயிட்டாங்களாட்ட இருக்குதுங்க” என்றார்.

என்ன சொல்ல? சாத்துக்குடிக்குக் காசு கொடுத்துவிட்டுக் கல்யாண மண்டபத்துக்குப் போனேன். பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார், “மாப்பிள்ளை வீடுங்களா? எந்த ஊருங்க?” இந்தத் தடவை தென்காசிச் சிவகிரி என்றே தொடங்கினேன்.

அந்த மார்ச் 9 டிக்கெட் என்னிடம் இல்லை. மழையில் நனைந்த சட்டைப்பையோடு போய்விட்டது. அன்று கேலரியில் இருந்தவர்கள் யாரிடமாவது டிக்கெட்டோ போட்டோவோ இருந்தால், பின்னால் தேதியையும் ஊரையும் பேனாவால் எழுதிப் பத்திரமாக வையுங்கள். ஊர் என்ற இடத்தில் கோயம்புத்தூர் என்றே எழுதுங்கள்.