உருண்டு நிற்கும் பாறைக் கடல்... ரோமானியர் விட்டுப்போன ராட்சதத் தூண்!

தண்ணீர் இல்லாத கடல் ஒன்று ஜெர்மனியில் இருக்கிறது. அலைகளுக்குப் பதில் அங்கே பாறைகள். யானைக் கூட்டம் ஒன்று மலைச்சரிவில் படுத்துத் தூங்குவதுபோல, சாம்பல் நிறத்தில், உருண்டு திரண்டு ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. இரு பக்கமும் பீச் மரக்காடு. நடுவில் மலை உச்சியை நோக்கி ஏறும் கல் ஆறு. ஜெர்மானியர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘ஃபெல்சன்மேர்’. ‘பாறைக் கடல்’ என்று பொருள்.

ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துக்குத் தெற்கே, ஒடன்வால்ட் மலைப்பகுதியில், ரைஷன்பாக் என்ற ஊரை ஒட்டி இருக்கிறது இந்த இடம். 514 மீட்டர் உயரமுள்ள ஃபெல்ஸ்பெர்க் மலையின் சரிவு இது. விடுமுறை நாள்களில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். குழந்தைகள் பாறைக்குப் பாறை தாவி உச்சிவரை ஏறிவிடுகிறார்கள். பெரியவர்கள் ஓரத்தில் இருக்கும் நடைபாதையில் மெதுவாக மேலே போகிறார்கள்.

இரண்டு அரக்கர்களின் சண்டை

இத்தனை பாறைகள் எப்படி வந்தன? ஊர்க்காரர்களிடம் ஒரு கதை உண்டு. எதிரெதிர் மலைகளில் இரண்டு அரக்கர்கள் வாழ்ந்தார்களாம். ஒருநாள் சண்டை முற்றி, ஒருவர் மீது ஒருவர் கல்லெறிய ஆரம்பித்தார்கள். எதிர்மலை அரக்கனிடம் கல் இருப்பு அதிகம். அவன் எறிந்த கற்களுக்கு அடியில் ஃபெல்ஸ்பெர்க் அரக்கன் புதைந்துபோனான். பாறைகள் மேல் ஓங்கி மிதித்தால், உள்ளேயிருந்து அவன் உறுமுவது கேட்கும் என்று இன்றைக்கும் பிள்ளைகளிடம் சொல்கிறார்கள்.

அறிவியல் சொல்லும் கதை இன்னும் பழையது. சுமார் 34 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் கொதித்துக் கிடந்த பாறைக்குழம்பு ஆறி இறுகியது. அதுதான் இந்தக் கல். நம் ஊர்க் கருங்கல்லுக்கு உறவான இதை, ‘குவார்ட்ஸ் டயோரைட்’ என்பார்கள். மேலே இருந்த மலை தேயத் தேய, கல் மேற்பரப்புக்கு நெருங்கியது. அதில் விழுந்த விரிசல்களில் நீர் இறங்கியது. மூலைகளும் விளிம்புகளும் முதலில் மக்கி உதிர்ந்தன. எஞ்சியவை உருண்டைகள்.

பிறகு பனி யுகம். உறைந்த மண் கோடையில் இளகிச் சேறாக வழிந்தபோது, பாறைகளும் அதோடு சேர்ந்து சரிவில் இறங்கின. மண்ணை மழைநீர் அடித்துக்கொண்டு போக, பாறைகள் மட்டும் தங்கிவிட்டன.

உளிச் சத்தம் கேட்ட காடு

ரோமானியக் கல்தச்சர்களுக்கு இது வரப்பிரசாதம். மலையை உடைத்துக் கல் எடுக்க வேண்டியதில்லை. இயற்கையே தனித்தனியாகப் பிரித்துப் போட்டுவைத்திருக்கிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டு முதல் 4-ஆம் நூற்றாண்டு வரை இங்கே வேலை நடந்தது. அந்த வேலையின் தடயங்கள் சுமார் 300 கற்களில் இருக்கின்றன.

மாமல்லபுரத்துக்குப் போனவர்கள், பாறையில் வரிசையாக வெட்டப்பட்ட சிறு குழிகளைப் பார்த்திருப்பார்கள். அதே மாதிரிக் குழி வரிசைகள் இங்கேயும் உண்டு. குழிகளில் ஆப்பு இறக்கிப் பாறையைப் பிளப்பதுதான் உத்தி. கப்பலின் முன்பக்கம்போல இருப்பதால் ‘கப்பல்’ என்று அழைக்கப்படும் கல்லில் இந்தத் தடங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

‘பலிபீடக் கல்’ என்றொரு பாறை. பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். அங்கே பலி எதுவும் நடக்கவில்லை. அதன் மேல் இருக்கும் நேரான, ஆழமான கோடுகள் ரம்பத்தால் அறுத்த தடங்கள். பல் இல்லாத இரும்புத் தகட்டை வைத்து, ஈர மணலைப் போட்டு, முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருப்பார்கள். கல்லை அறுப்பது தகடு அல்ல, மணல்தான். எவ்வளவு பொறுமை வேண்டியிருக்கும்!

எல்லாவற்றுக்கும் மகுடம், காட்டுக்குள் படுத்திருக்கும் ராட்சதத் தூண். 9 மீட்டருக்கும் அதிகமான நீளம். எடை சுமார் 27 டன். ஆறு யானைகளை ஒன்றாக நிறுத்தியதற்குச் சமம். ஒரே கல்லில் உருட்டித் திரட்டிச் செதுக்கியிருக்கிறார்கள். ஆனால், அது எந்த மாளிகைக்கும் போய்ச் சேரவில்லை. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே கிடக்கிறது. செதுக்கியவர்களின் பெயர் எதுவும் அதில் இல்லை.

போனதும் இருப்பதும்

போய்ச் சேர்ந்த தூண்களின் கதையையும் கேட்க வேண்டும். ஜெர்மனியின் மேற்கு எல்லையில் இருக்கும் ட்ரியர் நகரம், 4-ஆம் நூற்றாண்டில் ரோமானியப் பேரரசர்களின் இருப்பிடமாக இருந்தது. அங்கே எழும்பிய பெரிய தேவாலயத்துக்கு ஒடன்வால்ட் கல்லில் செய்த, சுமார் 12 மீட்டர் உயரத் தூண்கள் போயின. பிற்காலத்தில் தேவாலயம் சேதமடைந்தபோது அந்தத் தூண்களும் உடைந்தன. அதில் ஒரு துண்டு இன்றும் தேவாலய வாசலில் கிடக்கிறது. ட்ரியர் குழந்தைகளுக்கு அதுதான் சறுக்குமரம்.

அந்தத் துண்டுக்கும் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். மதுக்கடை கட்டுவதாகச் சொல்லிச் சாத்தானை ஏமாற்றித் தூண்களைச் சுமக்க வைத்தார்களாம். கட்டியது தேவாலயம் என்று தெரிந்ததும், கோபத்தில் கடைசித் தூணை அவன் வீசியெறிந்துவிட்டானாம்.

அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் போன கற்கள் உடைந்தும் உருமாறியும் போயின. வேண்டாம் என்று விடப்பட்டவையும் பாதியில் நின்றவையும்தான் வேலை நடந்த விதத்தை இன்று நமக்குக் காட்டுகின்றன. பிளக்க நினைத்துப் பிளக்காத கல், அறுக்கத் தொடங்கி நிறுத்திய கோடு, எல்லாம் அப்படியே இருக்கின்றன. 1876-ல் கோஹௌசன், வோர்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த ரோமானியத் தடயங்களைப் பற்றி நூலே வெளியிட்டார்கள்.

போகிறவர்கள் கவனத்துக்கு...

ஃபிராங்க்ஃபர்ட் - ஹைடல்பர்க் ரயில் பாதையில் இருக்கும் பென்ஸ்ஹைம் நிலையத்தில் இறங்கி, பஸ் பிடித்து ரைஷன்பாக் போகலாம். அடிவாரத்தில் தகவல் மையம் இருக்கிறது. மழை பெய்தால் பாறைகள் வழுக்கும். நல்ல பிடிப்புள்ள ஷூ அவசியம். முட்டிவலி இருப்பவர்கள் நடைபாதையிலேயே போகலாம். ராட்சதத் தூணைப் பார்க்கப் பாறை ஏற வேண்டிய அவசியம் இல்லை.

தூணின் பக்கத்தில் போய் நின்றால், ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். உளி பட்ட மேடு பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும்.