குருவிக்கு வைத்தேன், அணில் வந்தது

அணிலைப் பார்த்து யாருக்காவது கோபம் வருமா? எனக்கு வந்தது. சாதாரணக் கோபம் இல்லை, விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்குமாக ஓடுகிற கோபம்! எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "என்ன இது, காலங்கார்த்தாலே பிள்ளைங்களை அடிக்க ஓடறியா?" என்று கேட்கும்படி ஆகிவிட்டது.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

என் மாமியாருக்கு 74 வயது. குத்தாலம் பக்கத்துக் கிராமத்திலேயே வாழ்ந்தவர். தை அறுவடையில் முற்றிய கதிராகப் பார்த்து ஒரு கட்டு எடுத்து, தாளோடு சேர்த்துப் பின்னி, குஞ்சம் மாதிரி வாசல் உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுவது அந்த வீட்டு வழக்கம். சிட்டுக்குருவிக்காகத்தான். மாமனார் பின்னுவார், அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கதிரை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார். நான் கல்யாணமாகி வந்த வருஷம் அதைப் பார்த்து, ஏதோ அலங்காரம் என்று நினைத்து, கூடத்தில் மாட்டலாமே என்று கேட்டு எல்லோரும் சிரித்தார்கள்.

2021-ல் மாமனார் காலமானார். அத்தையை மாயவரத்தில் எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். வந்தாரே தவிர, பேச்சு கிடையாது. கேட்டதற்கு "ம்", "வேண்டாம்" அவ்வளவுதான். டி.வி. போட்டால் எழுந்து போய்விடுவார். 2022 தை மாசம் கொழுந்தனார் ஊரிலிருந்து கதிர் கொடுத்தனுப்பினார். நான் சொல்லாமலே அத்தை அதை மடியில் போட்டுக்கொண்டு தானே பின்னினார். வாசல் தாழ்வாரத்தில் கட்டினோம். பத்து நாள் ஒன்றும் வரவில்லை. டவுனில் குருவி ஏது என்று எனக்கே நம்பிக்கை போய்விட்டது. பதினோராம் நாள் காலை, "ஏம்மா, இங்கே வா, சீக்கிரம் வா!" என்று ஒரு சத்தம். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். கழுத்தில் கறுப்பு மை பூசின மாதிரி ஒரு ஆண் குருவி, கதிரைப் பிடித்துத் தொங்கி நெல்லை உரித்துக்கொண்டிருந்தது. அத்தை வாய்விட்டுக் கூப்பிட்டு அன்றுதான் நான் கேட்டேன்.

அதற்கப்புறம் தினமும் காலை திண்ணைதான். பங்குனியில் குஞ்சம் காலியானதும் ஒரு தட்டில் கம்பும் நொய்யும் வைத்தோம். குருவி வரும், இரண்டு மைனா வரும், புள்ளிப்புறா வரும், தவிட்டுக்குருவிகள் கூட்டமாய் வந்து சண்டை போடும். அத்தையிடம் ஒரு பிடிவாதம் உண்டு. கிராமத்தில் இருந்தபோதும் அப்படித்தான். வாசலுக்கு வந்த ஜீவன் தின்ற பிறகுதான் தன் வாயில் பச்சைத் தண்ணீர். நானும் அதை ஒரு நல்ல பழக்கம் என்றே விட்டுவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

அத்தைக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. காலையும் இரவும் இன்சுலின் ஊசி. காலை ஏழு மணிக்கு நான்தான் போடுவேன். அவருக்குக் கொடுத்திருக்கும் மருந்துக்கு, போட்ட அரைமணிக்குள் பலகாரம் உள்ளே போய்விட வேண்டும். குருவிகள் ஏழேகாலுக்கெல்லாம் வந்துவிடும், எனவே ஒரு குறையும் இல்லாமல் ஒரு வருஷம் ஓடிற்று.

2023 தை மாசம் அணில் வந்தது. எங்கள் கொல்லைக் கொய்யா மரத்தில் எப்போதும் உண்டுதான். வாசலுக்கு வழி கண்டுபிடித்தது அப்போதுதான். பின்னங்கால் இரண்டையும் கயிற்றில் மாட்டிக்கொண்டு, தலைகீழாகத் தொங்கி, முன்கையால் கதிரை இழுத்து இழுத்துத் தின்றது. குருவிகள் பங்குனி வரை வைத்துத் தின்ற குஞ்சம் மூன்றே நாளில் வெறும் வைக்கோல்! சரி என்று தட்டு வைத்தோம். தட்டின் நடுவில் வாலைத் தூக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டது. குருவி கிட்டே வந்தால் கீச்கீச்சென்று பாய்ச்சல். நாளாக ஆக மூன்று அணில்கள். குருவிகள் மின்சாரக் கம்பியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

மாசி மாசத்தில் ஒரு திங்கட்கிழமை. பெண்ணுக்குப் பரீட்சை, பையனுக்குச் சட்டையில் பொத்தான் இல்லை, இவருக்கு ஏழரை மணிப் பஸ். ஊசியைப் போட்டு, இட்லியைத் தட்டில் வைத்து, திண்ணையில் அத்தை பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். எல்லோரையும் அனுப்பிவிட்டுத் தட்டை எடுக்கப் போகிறேன், மணி எட்டே முக்கால். இட்லி வைத்தபடியே இருக்கிறது. அத்தை தூணில் சாய்ந்திருக்கிறார். புடவை முழுக்க நனைந்த மாதிரி வியர்வை, கை நடுக்கம். "அத்தை, சாப்பிடலையா?" என்றால், "அவங்க இன்னும் வரலையே" என்கிறார், நாக்கு குழறுகிறது. என்னையே யார் என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை. எனக்கு அடிவயிறு கலங்கிப் போயிற்று.

நல்லவேளை, விழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்தது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். (நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்க வேண்டும்.) வீட்டு மெஷினில் குத்திப் பார்த்தேன், 48 என்று காட்டியது. கால்மணி கழித்து மறுபடி பார்த்தேன், 80-ஐத் தாண்டியிருந்தது. பிறகு இட்லியை நானே ஊட்டினேன். அப்படி வாய் திறந்து அவர் வாங்கிக்கொண்டது எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

டாக்டரிடம் போனபோது அவர் என்னைத்தான் கேட்டார். "ஊசியைப் போட்டுட்டு நீங்க எங்கே போனீங்க?" பதில் சொல்ல முடியவில்லை. இனி தட்டு கைக்கு வந்து, சாப்பிடத் தயார் என்று அவர் சொன்ன பிறகு ஊசி, அரைமணி ஆவதற்குள் சாப்பிடுவதைக் கூடவே இருந்து பார்ப்பது என்று ஏற்பாடாயிற்று. காலை ஏழுக்கு மேல் அரைமணி முன்னே பின்னே ஆனால் பரவாயில்லை, அதற்கு மேல் தள்ளக் கூடாது என்றார்.

அத்தை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை மறுபடி திண்ணைதான்! "அவங்க வரட்டும், அப்புறம் ஊசி." குருவி வந்தாக வேண்டும், அதுவும் ஏழரைக்குள். அப்போதுதான் விளக்குமாற்றைத் தூக்கினேன்.

என்னென்ன பாடுபட்டேன் தெரியுமா? முதலில் விரட்டிப் பார்த்தேன். என்னோடு சேர்ந்து பறவைகளும் பயந்து ஓடியதுதான் மிச்சம். நைலான் கயிற்றில் தட்டைத் தொங்கவிட்டேன். ஒரே ராத்திரி, காலையில் தட்டு தரையில் கிடந்தது. அணிலுக்கு முன்பல் ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருக்குமாம், எதையாவது கடித்துத் தேய்த்தால்தான் அதற்கு நிம்மதி. கட்டுக்கம்பிக்கு மாற்றினேன். சர்க்கஸ்காரி மாதிரி அதில் இறங்கி வந்தது.

தாழ்வாரமே வேண்டாம் என்று கொல்லையில் ஆறடிக் குழாய் நட்டு, அதன் தலையில் தட்டைப் பொருத்தினோம். ஏறியது. இவர், "கிரீஸ் தடவினா வழுக்கிடும்" என்று யோசனை சொன்னார். தடவினோம். ஒரு குட்டி அணில் பாதி தூரம் ஏறி வழுக்கி விழுந்தது. பிறகு செங்கல் மேல் உட்கார்ந்து வயிற்றில் ஒட்டிய கறுப்பு மையை நக்கிக்கொண்டே இருந்தது. இந்த மை பறவையின் இறகில் பட்டாலும் போகாது, இறகு ஒட்டிக்கொண்டால் பறக்கவும் முடியாது. மண்ணெண்ணெய்த் துணியால் குழாயை அன்றைக்கே துடைத்துவிட்டேன். எலி பிடிக்கிற பசை அட்டை வைக்கச் சொன்னார்கள் சிலர். அதில் முதலில் ஒட்டுவது குருவியாகத்தான் இருக்கும். விஷம் வைக்கச் சொன்ன புண்ணியவதியும் உண்டு. செத்த அணிலைத் தின்கிற காக்கைக்கும் பூனைக்கும் அதே கதிதானே! அந்தப் பேச்சை எடுக்கவே விடவில்லை.

மிளகாய்ப்பொடி யோசனை மட்டும் உண்மையிலேயே நல்ல யோசனை. பறவைக்கு மிளகாய்க் காரம் உறைக்காது, அதனால்தான் கிளி மிளகாய்ப் பழத்தைக் கொத்திக் கொத்தித் தின்கிறது. அணிலுக்கு நம்மைப் போலவே எரியும். கம்பில் பிசறி வைத்தேன். அணில் ஒரு வாய் தின்று, மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டு ஓட்டம் பிடித்தது. வெற்றி என்று நான் நிமிர்ந்தபோது ஒரு காற்று அடித்தது பாருங்கள்! கண் இரண்டும் எரிந்து, குழாயடியில் உட்கார்ந்து அரைமணி நேரம் கழுவினேன். அத்தைக்கு வேறு கண்புரை ஆபரேஷன் ஆன கண். அவர் முகத்தில் அடித்திருந்தால்? மிளகாயும் அன்றோடு சரி.

கடைசியில் காப்பாற்றியது 15 கிலோ எண்ணெய் டின். தகர வேலை செய்பவரிடம் கொடுத்து வெட்டி, கவிழ்த்த புனல் மாதிரி பண்ணச் சொன்னேன். வாய் அகலம் ஒன்றரை அடி. ஓரத்தை மடித்துத் தட்டச் சொன்னேன், இல்லாவிட்டால் நம் கையையே கிழித்துவிடும். தட்டுக்குக் கீழே, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் குழாயில் மாட்டினோம். கீழிருந்து ஏறுகிற அணில் புனலுக்குள் போய் முட்டிக்கொண்டு, விழித்து, திரும்ப இறங்கும். சுற்றி வந்து மேலே ஏறப் பிடிமானம் கிடையாது. ஆஹா என்று கைதட்டினேன். மறுநாள் கொய்யாக் கிளையிலிருந்து ஒரே தாவல், நேரே தட்டில்! அந்தக் கிளையை வெட்டினோம். அதற்கு மறுநாள் துணி உலர்த்தும் கொடியிலிருந்து. கொடியை இடம் மாற்றினேன். மரம், சுவர், கொடி எதுவானாலும் குழாயிலிருந்து எட்டு, பத்தடி தள்ளி இருக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள ஒரு மாசம் ஆயிற்று. பிறகு தட்டில் அணில் ஏறவில்லை.

அணிலுக்குத் தனியாகத் தேங்காய்ச் சில் வைத்தால் தொந்தரவு வராது என்பார்கள். நான் வைத்தேன். மூன்று அணில் ஐந்தாயிற்று. நிறுத்திவிட்டேன். கொய்யாவும் முருங்கைப்பூவும் அவற்றுக்குப் போதும்.

இன்னும் ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். தானியத்தை ஒரு கைப்பிடிக்கு மேல் போடாதீர்கள். மிஞ்சினால் ராத்திரி எலி வரும். உப்புப் போட்ட சாதம், மிக்சர் வேண்டாம். தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் கொட்டிக் கழுவ வேண்டும், தேங்கவிட்டால் ஒரு வாரம், பத்து நாளில் கொசு கிளம்பிவிடும். தட்டில் எச்சம் இருக்கும், வாரம் ஒரு முறை வெந்நீர் ஊற்றித் தேய்த்து, வெயிலில் காயவைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குருவிக் குஞ்சுக்குத் தானியம் ஆகாது, புழு பூச்சிதான் ஆகாரம். அதனால் நான் செடிகளுக்கு மருந்து அடிப்பதில்லை. கத்தரிக்காய் கொஞ்சம் சொத்தையாகிறது, ஆகட்டும்.

குருவிகள் திரும்பி வர, குழாய் நட்டதிலிருந்து ஆறு வாரம் ஆயிற்று. அத்தையின் இடம் இப்போது திண்ணையிலிருந்து கொல்லைப் படிக்கு மாறிவிட்டது. தட்டில் இட்லியோடு நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். "வந்துட்டாங்க, ஊசியைக் கொண்டா" என்பார். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் மாமனாரைப் பற்றி எனக்குத் தெரியாத கதையெல்லாம் சொல்கிறார். கல்யாணத்தன்று மாமனார் கோபித்துக்கொண்டு மாட்டு வண்டியிலிருந்து இறங்கி நடந்தே போனாராம், எதற்கு என்று இன்னும் சொல்லவில்லை.

போன வாரம் இரண்டு நாள் மழை. ஒரு பறவை வரவில்லை. ஏழு இருபது ஆயிற்று, ஏழு இருபத்தைந்து ஆயிற்று, எனக்கு உள்ளே படபடப்பு. குழாயின் அடியில், கீழே சிந்திய கம்பைப் பொறுக்கிக்கொண்டு ஒரு அணில் மட்டும் நனைந்து உட்கார்ந்திருந்தது. அத்தை அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். முதுகில் மூன்று கோடு, ராமர் தடவியது என்று சொல்வோமே, அதைத்தான் பார்த்தாரோ என்னவோ.

"இவனும் வாசலுக்கு வந்தவன்தானே, போடு ஊசியை" என்றார்.

தகரப் புனல் ஓரத்தில் துரு ஏறத் தொடங்கியிருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் இவரைப் பிடித்து ஒரு கோட் பெயின்ட் அடிக்கச் சொல்ல வேண்டும்.