எந்த வருசத்து அலி?

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்து டீக்கடைக்குக் காலைப் பேப்பர் வந்ததும் முதலில் உருவப்படுவது விளையாட்டுப் பக்கம்தான். எண்பதுகளின் பிற்பாதியில் ஊரெல்லாம் கவாஸ்கரா கபிலா என்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, எங்கள் பெஞ்சில் பாக்ஸிங்கில் முகமது அலியா டைசனா என்றுதான் பேச்சு. காசிமேட்டில் மீன் இறக்கிவிட்டு ஈரக் கைலியோடு வந்தவர்கள், துறைமுகத்தில் நைட் ஷிப்ட் முடித்தவர்கள், பக்கத்துச் சந்தில் பாக்ஸிங் பழகிவிட்டு வியர்வையோடு நிற்கும் பையன்கள் என எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. மேடை ஏறிக் குத்து வாங்கியவர்களுக்கே பெஞ்ச். எங்களைப் போன்ற பொடியன்கள் டம்ளரைப் பிடித்தபடி நின்றே கேட்க வேண்டும்.

வடசென்னைக்குக் குத்துச்சண்டை அமெரிக்காவிலிருந்து வந்த பழக்கமில்லை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பரம்பரை பிரித்துக் குத்திய மண் இது. அந்தச் சண்டைகளில் பெரும்பாலானவற்றுக்குப் படமும் இல்லை, பதிவும் இல்லை. அந்தக் காலத்துக் குத்துச்சண்டை வீரர் கித்தேரி முத்துவை இன்னாருடன் மோதவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வாயால்தான் தீர்ப்பு. அந்த வாய்கள் 1986 நவம்பர் 22-க்குப் பிறகு உலகக் கணக்குக்கும் திரும்பின. அன்றுதான் இருபது வயது மைக் டைசன், டிரெவர் பெர்பிக்கை இரண்டாவது ரவுண்டில் சாய்த்து ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அதே பெர்பிக்தான் 1981 டிசம்பரில் அலியைத் தோற்கடித்து, அவருடைய கடைசிச் சண்டையை முடித்துவைத்தவர். இரண்டு காலத்தையும் தொட்ட ஒரு ஆள் கிடைத்ததும் விவாதம் சூடுபிடித்தது.

டைசன் கட்சிக்கு ஒரு பெரிய பலம் இருந்தது. 1980-ல் அலி சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் தன் பால்ய நண்பர் ஜிம்மி எல்லிஸோடு கண்காட்சிச் சண்டை போட்டதை நேரில் பார்த்தவர்கள் அந்தக் கட்சியில் இருந்தார்கள். ஒரு மீனவ அண்ணன் அடித்துச் சொல்வார்: "நேர்ல பாத்தவன் நானு. உடம்பு போட்டுக்கினு மெல்லமா ஆடுனாரு. டைசன் ஒரே குத்துல பட்த்துப்பாரு வாத்தியாரே!"

வாத்தியார் என்றால் பையன்களுக்குக் குத்து கற்றுக்கொடுக்கும் பெரியவர். டீயை உறிஞ்சி முடித்துவிட்டுத்தான் பேசுவார். "டேய், நீ பாத்தது எந்த வருசத்து அலி? ஆட்டம் போதும்னு வுட்டுட்டு ஊரு சுத்த வந்த அலி. நான் சொல்றது அறுவத்தாறு அலி."

கடையின் சட்டமே அதுதான். பெயரைச் சொன்னால் போதாது, வருசத்தையும் சொல்ல வேண்டும். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக 1967-லிருந்து மூன்றரை வருடம் அலியை மேடை ஏறவிடவில்லை. அதற்கு முன்னால் இருந்த கால்கள் வேறு, திரும்பி வந்தபோது இருந்த கால்கள் வேறு. முன்பு குத்து விழும் இடத்திலேயே நிற்காத ஆள், 1974-ல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து ஜார்ஜ் ஃபோர்மனின் குத்துகளை வாங்கிக்கொண்டே அவரைக் களைக்கவைத்து, எட்டாவது ரவுண்டில் முடித்தார். பெயர் ஒன்றுதான், ஆட்டம் இரண்டு.

பர்மா பஜார் வீடியோ கேசட் புண்ணியத்தில் வாதங்களுக்குச் சாட்சியும் கிடைத்தது. 1963-ல் ஹென்றி கூப்பர் அலியைத் தரையில் உட்காரவைத்தது இடது ஹூக்கால். 1971-ல் பதினைந்தாவது ரவுண்டில் ஜோ ஃப்ரேசியர் வீழ்த்தியதும் அதே இடது ஹூக்கால். டைசனுக்கும் அதுதான் சொத்து என்று ஒரு கட்சி. அலியின் உயரம் ஆறடி மூன்று அங்குலம், டைசன் ஐந்தடி பத்து. அந்த நீளமான ஜாபைத் தாண்டி உள்ளே போனால்தானே ஹூக் என்று எதிர்க்கட்சி. அலி காலத்தில் பட்டத்துக்குப் பதினைந்து ரவுண்டு, எண்பதுகளில் பன்னிரண்டாகக் குறைந்துவிட்டது. யார் காலத்துச் சட்டப்படி சண்டை என்பதிலேயே பல நாள் காலை வேளை முடிந்துபோகும்.

இது மாதிரி வழக்கைக் கம்ப்யூட்டரிடமே விட்டவர்களும் உண்டு என்று பின்னாளில் படித்தேன். 49 சண்டையிலும் தோற்காமல் ஓய்வுபெற்ற ராக்கி மார்சியானோவையும் அலியையும் 1969-ல் மயாமியில் கேமரா முன் மோதவைத்தார்கள். மார்சியானோ உடம்பைக் குறைத்து, தலைக்கு விக் வைத்துக்கொண்டு நடித்தார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் தியேட்டர்களில் வந்த படத்தில் பதின்மூன்றாவது ரவுண்டில் மார்சியானோவுக்கு வெற்றி. ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலிக்கு வெற்றி! படம் வருவதற்குள் மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோயிருந்தார். ஊருக்கு ஒரு தீர்ப்பு சொன்ன அந்த மெஷினைவிட எங்கள் பெஞ்ச் எவ்வளவோ யோக்கியம்.

1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ், அலி அளவு உயரத்தோடும் நீளமான ஜாபோடும் வந்து டைசனைப் பத்தாவது ரவுண்டில் வீழ்த்தினார். அலி கட்சி கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தது. மீனவ அண்ணன் மட்டும் அசரவில்லை. "வாத்தியாரே, அது எந்த வருசத்து டைசன்? எம்பத்தெட்டு டைசனை இட்டாந்து பேசு" என்றார். வாத்தியார் வாய்விட்டுச் சிரித்து, தன் செலவில் அவருக்கு இன்னொரு டீ சொன்னார். பெஞ்சில் யாரும் தோற்றதில்லை. ஆனால் ஒரு மனிதனை அவன் தேய்ந்த வருசத்தை வைத்து எடைபோடக் கூடாது என்பதை அங்கேதான் கற்றோம்.

இனி என் தீர்ப்பு. 1966 நவம்பரில் கிளீவ்லாண்ட் வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் முடித்த அலியும், 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் சாய்த்த டைசனும் மோதட்டும். நாலு ரவுண்டுக்குள் முடிந்தால் டைசன், தாண்டினால் அலி. பதினைந்து ரவுண்டு என்றால் பேச்சே இல்லை. மறுத்துப் பேச வருகிறவர்கள் வருசத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள்.