அம்மாவின் குரல் எட்டாத சுருதி

எங்கள் பங்கின் பாடகர் குழுவை இருபது ஆண்டுகள் நடத்திய பின்னரே, என் தாய் திருப்பலியில் பாடுவதில்லை என்பதை அறிந்தேன். தொண்டை கட்டியிருந்த ஒரு ஞாயிறு, குழுவை விட்டு அவரருகே அமர்ந்திருந்தேன். ‘தூயவர்’ தொடங்கியது. அம்மாவின் உதடுகள் ஒருமுறை அசைந்து நின்றுவிட்டன. சுற்றிலும் பெரும்பாலோர் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தனர். பிள்ளைகள் பிழையின்றித்தான் பாடினார்கள்.

வீடு திரும்புகையில் காரணம் கேட்டேன். “உங்கள் சுருதிக்கு என் குரல் எட்டவில்லையப்பா, மெட்டும் அடிக்கடி மாறிவிடுகிறது” என்றார். குறையாகக்கூடச் சொல்லவில்லை.

என் சிறுவயதில் எங்கள் உபதேசியார் ஆர்மோனியம் வாசிப்பார். மூதாட்டியர் இழுத்துப் பாடி அரையடி பின்தங்குவர். துருத்தியை மெல்ல அமுக்கியபடி அவர் காத்திருப்பார். கீபோர்டில் தாளத்தைத் தட்டிவிட்டால் அது எவருக்காகவும் காத்திருப்பதில்லை. தட்டிவிட்ட விரல் என்னுடையது. பெண்பிள்ளைகளின் குரலுக்கேற்ப ஐந்து கட்டையில் தொடங்கியவனும் நானே. பின்வரிசை ஆண்கள் மேலேறவும் இயலாமல், கீழிறங்கவும் இயலாமல் வாய்மூடிப் போயினர்.

அன்று மாலை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டைப் புரட்டினேன். பாடகர் குழுக்களை வளர்க்கச் சொல்லும் அதே பத்தியே, இறைமக்கள் தங்கள் பங்கைப் பாட வழிசெய்யுமாறும் பணிக்கிறது. முற்பாதியை மட்டுமே நான் மனத்தில் வைத்திருந்தேன். 1967 மார்ச் 5 அன்று உரோமை வெளியிட்ட இசை பற்றிய அறிவுரையோ, மக்களை முற்றிலும் விலக்கி எல்லாவற்றையும் குழுவே பாடுவதை ஏற்கவில்லை. ‘தூயவர்’ குருவும் மக்களும் சேர்ந்து பாடுவதே நன்று என்கிறது. (1903இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் பெண்களுக்குப் பாடகர் குழுவில் இடமில்லை என்றிருந்தார். இன்று பெண்பிள்ளைகள் வராவிட்டால் எங்கள் குழுவே இல்லை.)

அதற்காகக் குழுவே வேண்டாம் என்போருடன் நான் உடன்படேன். குழுவில்லாத வாரநாள் திருப்பலியில் ஆளுக்கொரு சுருதி. இரண்டாம் சரணத்திற்குள் பாட்டு அடங்கிவிடும். பெரிய வெள்ளியன்று திருச்சிலுவையை முத்தி செய்ய நீண்ட வரிசை நகர்கையில், குழு பாட, மக்கள் கேட்டபடி கண்ணீருடன் நடப்பதையும் கண்டிருக்கிறேன். கேட்பதும் செபந்தான். ஆனால், எப்போதும் கேட்டுக்கொண்டே இருப்பதா?

கடந்த திருவருகைக் காலம் முதல், ‘தூயவர்’, அல்லேலூயா, பதிலுரைப் பாடலின் பல்லவி மூன்றையும் பழைய மெட்டில், இரண்டு கட்டைக்கு இறக்கி, தாளப் பொத்தானைத் தொடாமல் பாடுகிறோம். காணிக்கைப் பாடலும், நற்கருணைக்குப் பின் ஒரு பாடலும் குழுவுக்கே. முதலிரு வாரங்கள் எவரும் பாடவில்லை. மூன்றாம் ஞாயிறு, ‘தூயவர்’ முடியும் வேளையில், என் முதுகுக்குப் பின்னிருந்து அரையடி தாமதமாக ஒரு குரல் வந்தது. விரலை எடுக்காமல் இருந்தேன்.

எல்லாம் நலமாய் முடியவில்லை. ‘தூயவர்’ பாடலுக்குப் புதிதாய் மெட்டமைத்து வந்த இளைஞர், “அப்படியானால் எங்களுக்கு இங்கே என்ன வேலை?” என்று கேட்டு நின்றுவிட்டார். அந்த மெட்டு உண்மையிலேயே அழகானது. வீட்டிற்கு இருமுறை போய் அழைத்தேன், வரவில்லை. அவர் எழுதித் தந்த சுரத்தாள் இன்னும் என் பாட்டுப் புத்தகத்திற்குள் இருக்கிறது.