ஏழு பத்து ஸ்லாட்

அம்பத்தூர் தொழிற்பேட்டை. அதிகாலை நாலரை. பிரஸ் ஷாப்பின் ஷட்டர் பாதி ஏறியிருக்கிறது. உள்ளே டியூப்லைட் வெளிச்சம், எண்ணெய் வாடை.

ஆபரேட்டர் பிரஸ்ஸை நிறுத்துகிறார். டை மாற்ற வேண்டும். கிளாம்ப் போல்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கழல்கின்றன. ஒரு போல்ட் மட்டும் அசைய மறுக்கிறது. ஸ்பேனரின் பிடியில் இரும்புக் குழாயைச் செருகி இருவர் அழுத்துகிறார்கள். பழைய டை டிராலிக்கு இறங்குகிறது. புதியது ஏறுகிறது. சுத்தியலால் மெல்லத் தட்டுகிறார்கள், மட்டம் பார்க்கிறார்கள், மறுபடி தட்டுகிறார்கள்.

முதல் பீஸ் விழுகிறது. சூப்பர்வைசர் வெர்னியர் வைத்துப் பார்த்துவிட்டு ஸ்கிராப் தொட்டியில் போடுகிறார். இரண்டாவதும் அங்கேயே போகிறது. மூன்றாவதுக்குத் தலையசைக்கிறார்.

சுவரில் வெள்ளைப் பலகை. டை மாற்ற ஆன நிமிடங்கள்: 52, 47, 44. இதே வேலையைப் பத்து நிமிடத்துக்குள் முடிக்க ஜப்பானின் ஷிகியோ ஷிங்கோ வழி வகுத்தார். பலகையின் ஓரத்தில் யாரோ 10 என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறார்கள்.

பத்தில் முடிந்தால் தேவைக்கேற்பச் சின்னச் சின்ன லாட்டாக அடிக்கலாம். நாற்பத்து நாலு ஆகும்போது ஒரே மூச்சில் அடித்து வைப்பதுதான் கட்டும். ரேக்கில் நீலப் பெட்டிகள் கூரையைத் தொடுகின்றன.

ஐந்தேகால். பதினான்கு அடி ஐஷர் வந்து நிற்கிறது. மில்க் ரன் வண்டி. நான்கு கம்பெனிகளின் சரக்கையும் வரிசையாக ஏற்றிப் போக ஒரே வண்டி, ஒரே வாடகை. காலிப் பெட்டிகள் இறங்குகின்றன. ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிக் உறைக்குள் கான்பன் அட்டை. அட்டை வந்தால் அடி, வராவிட்டால் நிறுத்து: டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ வகுத்த முறை. சூப்பர்வைசர் அட்டைகளை எண்ணுகிறார். ஆறு. பிரஸ் ஏழாவது பெட்டியை நிரப்பிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது கம்பெனியில் சரக்கு தயாரில்லை. ஒரு பெண் பர் தேய்க்கிறார், இன்னொருவர் துடைக்கிறார், மூன்றாமவர் அடுக்குகிறார். டிரைவர் வாசலில் நின்று போனைப் பார்க்கிறார். பெட்டியைப் பார்க்கிறார். மீண்டும் போன்.

பைபாஸ். மதுரவாயல். வானகரம், வேலப்பன்சாவடி, நசரத்பேட்டை. டேஷ்போர்டில் இ-வே பில். 200 கிலோமீட்டர் வரை அதற்கு ஒரு நாள் ஆயுள். கேட்டில் இந்த வண்டிக்கு ஒதுக்கிய நேரம் பதினைந்து நிமிடம்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. அதன்பின் நெடுஞ்சாலையை ஒட்டிப் பெருகிய ஆலைகளில் ஒன்றின் கேட். மணி 6:48. ஸ்லாட் 7:10. முன்னால் வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். சாலையோரம் ஒன்பது வண்டிகள். உள்ளே சரக்கு தேங்குவதில்லை. கிளீனர் சக்கரத்துக்குக் கல் வைக்கிறார். டிரைவர் டீக்கடைப் பக்கம் நடக்கிறார். பாதி வழியில் திரும்பிக் கேட்டைப் பார்க்கிறார்.

அம்பத்தூரில் போன் அடிக்கிறது. நாளைய ஷெட்யூல் 240 இல்லை, 180. சூப்பர்வைசர் பலகையில் அழித்து எழுதுகிறார். அடித்து முடித்த அறுபது பீஸ் பெட்டிக்குள் போகிறது. ரேக்கில் இடமில்லை. பெட்டியை ஆபீஸ் அறைக்குள் தள்ளிவைக்கிறார்கள்.

அங்கே கணக்காளர் இன்வாய்ஸ் நகலில் தேதி முத்திரை குத்துகிறார். சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். கணக்காளர் காலண்டரைப் புரட்டி எண்ணிப் பார்க்கிறார். எதிர் நாற்காலியில் தகடு சப்ளையர், போன மாத பில்லோடு. அவருக்கு இரண்டாவது டீ வருகிறது.