இரண்டு கேஸ்

2012 ஐப்பசியில், வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில் நடத்தும் ஒருவர் பில் கட்டோடு என் ஆபீசுக்கு வந்தார். அவர் உட்காரும்போதே கரண்ட் போனது. அந்த வருஷம் திண்டுக்கல்லில் அது செய்தியே இல்லை. பன்னிரண்டு மணி நேரம், பதினான்கு மணி நேரம் என்று வெட்டு. மெழுகுவத்தி ஏற்றித்தான் பில்லைப் படித்தேன். மாலை 6 முதல் 10 வரை உயரழுத்த (எச்.டி.) இணைப்புக்காரர்கள் விளக்கு எரிக்கிற அளவுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று அப்போது கட்டுப்பாடு. அதை மீறி மெஷின் ஓட்டியதற்குப் பல லட்சம் போட்டிருந்தார்கள்.

"ஓட்டினது நெசம்தான், வக்கீல் சார். டீசலுக்குக் கொடுத்துக் கட்டுபடியாகல. ஆனா எங் கரண்டைத்தானே எடுத்தேன்? ஆரல்வாய்மொழியில நம்ம காத்தாடி ரெண்டு நிக்குது. ஆடிக் காத்துல போட்ட யூனிட் பேங்கிங்ல அப்படியே கெடக்கு."

காற்றாலை போட்ட யூனிட்டை வாரியத்திடம் வரவு வைத்துப் பிறகு கழித்துக்கொள்வதுதான் பேங்கிங். எனக்கு நியாயமாகப் பட்டது. பணம் போட்டவன் எந்த நேரத்தில் எடுத்தால் என்ன? நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தில் இதையே முழங்கினேன்.

எதிர்த்தரப்பில் மின்வாரியத்திலிருந்து வந்த இளம் பொறியாளர் குரலை உயர்த்தவே இல்லை. மீட்டர் டவுன்லோடை நீட்டினார். பிறகு ஒரு தாளின் பின்பக்கத்தில் மலை மாதிரி ஒரு கோடு வரைந்தார். சாயங்காலம் ஊரே விளக்குப் போடும்போது ஏறுகிற கோடு. "ஆடி ராத்திரி இவர் காத்தாடி கொடுத்தது அன்னிக்கே எரிஞ்சு போச்சு, சார். இப்ப இருக்கறது கணக்கு. ஏழு மணிக்கு இவருக்குக் கொடுக்க நாங்க புதுசாத்தான் உற்பத்தி பண்ணணும். நிலக்கரி பாய்லரை நெனச்ச நேரத்துக்கு ஏத்தி இறக்க முடியாது. காடம்பாறை நீர்மின் நிலையத்துத் தண்ணி ஒண்ணு, கேஸ் ஒண்ணு, இதுதான் சட்டுனு கை கொடுக்கும். நம்மகிட்ட கேஸ் பத்தலை."

கேஸ் பற்றவில்லை என்றால் கட்சிக்காரர் வரவில்லை என்றுதான் எனக்குப் பழக்கம். சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

அவர் சொன்ன கேஸ் சின்னக் குடும்பம். நமக்குக் கிட்டத்தில் ராமநாதபுரம் வழுதூர். தஞ்சைப் பக்கம் திருமாக்கோட்டை, குத்தாலம். சென்னையில் நாப்தாவில் ஓடிய பேசின் பிரிட்ஜ். வாரியத்தின் இந்த நான்கு நிலையங்களும் அப்போது சேர்ந்து சுமார் 516 மெகாவாட். அப்போதே காற்றாலைகள் 7,000 மெகாவாட்டைத் தொட்டுக்கொண்டிருந்தன. எரிவாயுக் கிணற்றிலிருந்து குழாயில் எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான் வழுதூர் ஓடும் என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார்.

எங்களைக் கவிழ்த்தது ஒரே விதி. உச்ச வேளையில் காத்தாடி போட்ட யூனிட்டை இரவுக் கணக்கில் கழிக்கலாம். இரவில் போட்டதை உச்ச வேளையில் கழிக்க முடியாது. முதலாளியின் கையிருப்பில் பெரும்பாலும் இரவு யூனிட். தோற்றோம், தவணை மட்டும் வாங்கிக் கொடுத்தேன். மேலே போகலாமா என்றார், வேண்டாம் என்றேன். ஃபீஸ் போனது வேறு விஷயம்.

அதன்பிறகு எரிவாயுச் செய்தி எங்கே வந்தாலும் கண் நிற்கும். எண்ணூரில் 2019இல் எல்.என்.ஜி. முனையம் வந்தது. ஆனால் கப்பலில் வரும் வாயுவில் மின்சாரம் எடுத்தால் விலை தாங்காது. 2024இல் நாடு முழுக்கச் சுமார் 25,000 மெகாவாட் எரிவாயு நிலையங்கள் இருந்தன, பெரும்பாலும் சும்மா நின்றன. அந்தக் கோடையில், மே 1 முதல் ஜூன் 30 வரை அவற்றை ஓட்டச் சொல்லி மின்சாரச் சட்டம் 2003இன் 11ஆம் பிரிவில் மத்திய அரசு உத்தரவே போட வேண்டியிருந்தது. புதிதாக ஒன்று கட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன், இருப்பதை இடிப்பதையும்தான். வருஷத்தில் சில நூறு மணி நேரத்துக்காக ஒரு நிலையத்தைக் காத்து வைக்கும் செலவு யார் தலையில் என்பதுதான் சண்டை. பேட்டரி விலை இறங்க இறங்க அதுவும் மாறும்.

போன தை மாதம் அதே முதலாளி போன் செய்தார். மில் கூரை முழுக்க சோலார் போட்டுவிட்டாராம். "பகல்ல மிஞ்சுறத ராத்திரி ஷிப்டுக்குக் கழிச்சுக்கலாமில்ல, சார்?"

பழைய தீர்ப்பு நகலை எடுத்துக்கொண்டு நேரில் வரச் சொன்னேன்.